ஒப்புதல் இல்லாமல் குரல் நகல் கூடாது

செயற்கை நுண்ணறிவில் உருவாகும் குரலுக்குத் தடை வேண்டும் என்று பின்னணிக் குரல் (டப்பிங்) கலைஞர்களின் அமைப்பு கேட்கவில்லை. ஒரு கலைஞரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் அதற்கென்று தனி ஊதியமும் இல்லாமல் அவருடைய குரலை நகலெடுக்கக் கூடாது என்பதே அதன் நிலைப்பாடு.

இந்தத் தொழிலைப் பெற்றெடுத்ததே தொழில்நுட்பம்தான். 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில், நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற முறையை ஏ.வி. மெய்யப்பன் கையாண்டார். கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை 1944-ல் தமிழ் பேச வைத்து வெளியிட்டவரும் அவரே. அதற்குப் பின் படச்சுருளைத் துண்டு துண்டாக லூப் போட்டு ஓட்டிய காலத்தில், ஒரே மைக்கைச் சுற்றி நாலைந்து பேர் நின்று பேசினார்கள். ஒருவர் தடுமாறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். கணினி வந்ததும் ஆளுக்கொரு டிராக் ஆனது. வேலை விரைந்தது, எதிரில் நிற்பவரின் மூச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் சுகம் போனது. கலைஞர்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

அந்தக் கருவிகளெல்லாம் கலைஞர் பேசியதைப் பதிவு செய்தன. இன்றைய கருவி அவர் பேசாததையும் அவர் குரலில் பேசுகிறது. அமைப்பின் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

முறையாகச் செய்யவும் வழி இருக்கிறது. 2024-ல் வெளியான 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் தந்ததாக அவரே அறிவித்தார். புகழ்பெற்ற பாடகர்களுக்குக் கிடைத்த இந்த மரியாதை, பெயர் அட்டையில்கூட இடம்பெறாத டப்பிங் கலைஞருக்கும் கிடைக்க வேண்டும்.

சட்டம் இன்னும் பாதி வழியில் நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு கலைஞரின் நிகழ்த்துதலுக்கு 50 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. பேசிப் பதிவானதற்கு அது போதும். பேசாமலே உருவாகும் குரலை அது நேரடியாகத் தொடுவதில்லை. பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அனுமதியின்றிக் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராக 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. நட்சத்திரம் நீதிமன்றம் போகலாம். கால்ஷீட் கணக்கில் பிழைப்பவர் எங்கே போவார்? அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 2024-லேயே குரலுக்கெனச் சட்டம் இயற்றிவிட்டது. 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, டிஜிட்டல் நகலுக்கு ஒப்புதலும் ஊதியமும் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். இந்திய நாடாளுமன்றமும் குரலைத் தனி உரிமையாக எழுதிவைக்க வேண்டும்.

டப்பிங் என்பது வெறும் வாசிப்பு அல்ல. தெலுங்குப் படம் தமிழுக்கு வரும்போது திரையில் உதடு மூடும் இடத்தில் 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். வசனகர்த்தா தவறவிட்டதைக் கலைஞர் மைக் முன்னால் நின்றபடியே சொல்லை முன்பின் மாற்றிச் சரிசெய்வார். அழுகைக்கு முன் வரும் மூச்சு எந்த வசனத்தாளிலும் இருப்பதில்லை. இயந்திரம் இதையும் ஒரு நாள் நெருங்கலாம். அப்போதும் அது கற்றது இந்தக் கலைஞர்களின் பதிவுகளிலிருந்துதானே? அதற்கு விலை உண்டு என்பதில் அமைப்புக்குச் சந்தேகமே இல்லை.

உறுப்பினர்களுக்கும் கடமை இருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்யவும், ஒலிப்புத்தகம், விளையாட்டு, வட்டார வழக்கு என்று புதிய களங்களுக்குப் போகவும் கற்றுக்கொள்ள வேண்டும். அவரவர் குரல் நகலை அவரவரே விலை பேசி உரிமம் தருவதையும் அமைப்பு எதிர்க்காது. எந்தப் படத்துக்கு, எத்தனை காலத்துக்கு என்பது மட்டும் தாளில் இருக்க வேண்டும்.

'இனி வரவிருக்கும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும், நிரந்தரமாக' என்ற பொருளில் ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அதை அடிக்கச் சொல்லாமல் கையெழுத்திட வேண்டாம் என்று உறுப்பினர்களை அமைப்பு கேட்டுக்கொள்கிறது. தயாரிப்பாளர்கள் அந்த வரியைத் தாங்களே நீக்கிவிட்டுப் பேச வந்தால், மாதிரி ஒப்பந்தம் ஒன்றைச் சேர்ந்து எழுத அது தயார்.