கோடைக்குத் துணி, மாரிக்குப் பெம்பஸ்

எங்கள் ஊரான குறிஞ்சாக்கேணியில் ஒரு வீட்டில் பிள்ளை கிடைத்தால், பார்க்க வருகிறவர்களின் கையில் பேபி சோப்போடு ஒரு பெம்பஸ் பக்கட்டும் இருக்கும். அதற்கு முன்பே உம்மம்மா பழைய சாரன்களைக் கிழித்துத் துவைத்து, சதுரம் சதுரமாக மடித்து வைத்திருப்பார். துணியா, பெம்பஸா என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். துணி கட்டுகிறவள் பொறுப்பான தாய், பெம்பஸ் போடுகிறவள் சோம்பேறி என்று பேசுவதை முதலில் நிறுத்துவோம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, வெயில் எறிக்கிறதா, துவைக்க ஆள் உண்டா, குப்பை எங்கே போகிறது என்று பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது.

பச்சைப்பிள்ளைக்கு முதல் கிழமைகளில் துணிதான் நல்லது என்பேன். வீட்டுக்கு வரும் மருத்துவமாது, தாய்ப்பால் போதுமா என்று அறிய, "ஒரு நாளைக்கு எத்தனை தரம் மூத்திரம் போகுது?" என்று கேட்பார். பிறந்து ஒரு கிழமை கடந்த, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளை 24 மணித்தியாலத்தில் ஆறு தரமாவது போக வேண்டும். துணி நனைந்தால் கை உடனே சொல்லிவிடும். பெம்பஸுக்குள் இருக்கும் மணிகள் நீரை உறிஞ்சி ஜெல்லியாகப் பிடித்துக்கொள்வதால், ஒரு தரமா, மூன்று தரமா என்று தெரியாது. மேற்புறம் காய்ந்ததுபோல் இருப்பதால் மாற்றுவதும் பிந்தும். தொடையிடுக்கு சிவந்து புண்ணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆனால் கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்துவிட்டால் கொடியில் போட்ட துணி ஈரம் விடாது. அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டினாலும் புண்தான் வரும். துணி நனைந்து மடியிலும் ஊறுவதால் தொழுகை உடுப்பும் ஒரு கவலை. பால் மட்டும் குடிக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளையின் சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்தால் போதும், பெண்பிள்ளையுடையதைக் கழுவ வேண்டும் என்கிறது ஷாஃபி மத்ஹப். 84 வேலை நாள் பிரசவ லீவு முடிந்து டீச்சர் மகள் பள்ளிக்கூடம் போய்விட்டால், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வக்துக்கும் உடுப்பு மாற்றுவது உம்மம்மாதான். மழைக்கும் இரவுக்கும் பயணத்துக்கும் பெம்பஸ் போடுவதில் தவறே இல்லை.

2022இல் ரூபாய் சரிந்து விலைகள் ஏறியபோது, மடித்து வைத்த சாரன் துண்டுகளின் அருமை தெரிந்தது. சுற்றாடலுக்கும் துணியால் வரும் நன்மை துவைக்கும் முறையில் இருக்கிறது என்பதை 2008இலேயே பிரித்தானியச் சுற்றாடல் முகவரகத்தின் ஆய்வு சொல்லியிருந்தது. அதிக சூட்டில் துவைத்து மெஷினில் உலர்த்தினால் துணியின் மேன்மை போய்விடும். வெயிலில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால் சுற்றாடலுக்குத் துணியே நல்லது. கச்சான் காற்றில் ஒரு மணித்தியாலத்தில் துணி மொரமொரவென்று காயும் எங்கள் ஊரில், ராத்தாவின் துணியைத் தம்பிக்குக் கட்டுவதும் பழைய வழக்கம்தான்.

மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. பாவித்த பெம்பஸைக் கறுப்பு பேக்கில் முடிந்து களப்போரத்தில் எறிகிறார்கள். நாய் இழுத்துக் கிழிக்கிறது, மழை கழுவி மீன்பிடிக்கும் தண்ணீரில் சேர்க்கிறது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்ததை நாம் மறந்துவிடக் கூடாது. மலத்தை முதலில் கழிவறையில் கொட்டுங்கள். பிறகு பெம்பஸை இறுகச் சுருட்டி, குப்பை வண்டி வரும் நாள்வரை மூடியுள்ள வாளியில் வையுங்கள். எரிக்காதீர்கள், அந்தப் புகையையும் பிள்ளைதான் சுவாசிக்கும். எல்லா ஒழுங்கைக்கும் வண்டி தவறாமல் வருவதை உள்ளூராட்சி சபை உறுதிசெய்ய வேண்டும்.

வாப்பாமாருக்கும் சொல்கிறேன். துணி வேண்டுமென்று நீங்கள் விரும்பினால் துவைப்பதில் பாதி உங்களுடையது. பிள்ளை பெற்ற உடம்பு குனிந்து வாளி தூக்கக் கூடாது. காலையில் வேலைக்குப் போகுமுன் கிணற்றடியில் அரை மணித்தியாலம் நில்லுங்கள். அதற்கு வழியில்லையென்றால், மனைவி பெம்பஸ் கேட்கும்போது மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுங்கள்.