தரை தட்டிய கப்பல் வேடிக்கைப் பொருளா?

கடலில் மிதக்க வேண்டிய கப்பல், கரையோரம் மணலில் சிக்கிக் கிடக்கிறது! அதைப் பார்க்க மெரினாவில் கூட்டம் திரண்டு நிற்கிறது!

பழைய பத்திரிகைப் படங்களில் இந்தக் காட்சியைக் காணலாம். கப்பலின் பெயர் ஸ்டமாடிஸ். 1966-ம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையைத் தாக்கிய புயலில் தரை தட்டிய சரக்குக் கப்பல் அது.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பையனிடம் இந்தப் படத்தைக் காட்டினால் வாயைப் பிளப்பான். அவனுக்கு மலை பக்கம்; கடலோ தூரம். தூத்துக்குடிக்கே நூறு கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும்.

கரையே எமன்

புயல் வந்தால் கப்பல் கரைக்கு ஓடி வர வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அதுதான் இல்லை! கப்பலுக்குக் கரைதான் எமன். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும், கப்பல்களை நடுக்கடலுக்குப் போகச் சொல்வது வழக்கம். காற்று வலுத்தால் நங்கூரம் மண்ணைக் கீறிக்கொண்டு இழுபடும். சரக்கு இறக்கிய காலிக் கப்பல் என்றால் இன்னும் மோசம். தண்ணீருக்கு மேலே உயர்ந்து நின்று, சுவர்போல் காற்றை வாங்கும்.

1960-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி சிட்டகாங்கில் அடித்த புயலில், ‘கிளான் ஆல்பைன்’ என்ற கப்பல் நெல் வயலில் போய் உட்கார்ந்துவிட்டது!

ஒரு முறை மண்ணில் புதைந்தால் மீட்பது லேசல்ல. ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேரின் சக்கரம் பதிந்தால் எத்தனை கை தேவை என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்காரர்களுக்குத் தெரியும். தேருக்காவது வடம் பிடிக்கத் தெரு இருக்கிறது. கப்பலுக்கு?

படத்தில் தெரியாதது

ஸ்டமாடிஸ் மீளவில்லை. அதன் சிதைவு ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தது. கூட்டம் கலைந்த பிறகுதான் ஆபத்து வந்தது. கடலுக்குள் இரும்புக் கூடு கிடந்தால், அலை அதைச் சுற்றிச் சுழன்று மணலைப் பறிக்கும். மேலே முழங்கால் ஆழம்போல் தெரியும். அடுத்த அடியில் பள்ளம்! அந்த இடத்தில் குளிக்கப் போன பலர் பிணமாகத்தான் திரும்பினார்கள்.

இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் ‘அதிசயக் காட்சி’ என்று போடுவது சரியல்ல. சிதைவை உடனே அகற்றாமல் விட்டதும் பெரிய தவறு. இப்போது அதற்குச் சட்டம் இருக்கிறது. 2007-ல் நைரோபியில் உருவான சர்வதேச ஒப்பந்தப்படி, சிதைவை அகற்றும் செலவு கப்பல் சொந்தக்காரர் தலையில். இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. நாற்பது ஆண்டுக்கு மேல் பிந்தி வந்த புத்தி!

விடுமுறை வந்தால் ராஜபாளையத்துப் பள்ளிகளிலிருந்து சென்னைக்குச் சுற்றுலா பஸ்கள் புறப்படுகின்றன. கண்மாயில் நீந்திப் பழகிய பிள்ளைகள், கடலையும் கண்மாய் என்றே நினைத்து இறங்குவார்கள். மெரினாவில் இழுப்பு இன்றும் உண்டு. எச்சரிக்கைப் பலகையை அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

பஸ் ஏறுவதற்கு முதல் நாளே ஆசிரியர் இந்தப் படத்தை வகுப்பில் காட்டலாம். கப்பல் எப்படி வந்தது என்பதைச் சொல்லட்டும். அது கிடந்த இடத்தில் இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.