தவில் அடித்தால் நாகசுரம் ஏன் ஒளிகிறது?

சென்ற பொங்கல் விழாவில் நாம் பதிவு செய்த நாகசுரக் கச்சேரியை நண்பர்கள் பலர் கேட்டிருப்பீர்கள். கேட்டவர்கள் பாராட்டினீர்கள். பாராட்டாதவர் ஒருவர் உண்டு. அவர்தாம் நாகசுரம் வாசித்தவர்! ஓசூரிலிருந்து வந்து, வழிச் செலவுக்கு மேல் பெரிதாக ஒன்றும் கேளாமல், இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டுப் போன முதியவர். பதிவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே சென்றேன். திண்ணையில் அமர்ந்து, கண்களை மூடிக் கேட்டார். பாதியில் கையை உயர்த்தினார்.

“தம்பி, தவில்காரர் தொப்பியிலே அடிக்கிறப்பல்லாம் என் வாசிப்பு ஏன் ஓடி ஒளிஞ்சுக்குது? நான் அந்த இடத்திலே நிறுத்தலையே!”

“நீங்க நிறுத்தலைங்க ஐயா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அந்தத் தவற்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஏனெனில், அதே தவற்றை இன்னும் பெரிய செலவில் செய்வதற்கு நம் மன்றம் ஆயத்தமாகிக் கொண்டிருக்கிறது. மாணவர் நன்கொடையும் விழாவில் மிஞ்சியதுமாக அறுபதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. அதைக்கொண்டு நம் ஒலிப்பதிவு அறைக்கு ‘ஸ்டீரியோ பஸ் கம்ப்ரஸர்’ என்னும் கருவி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று நண்பர்கள் சிலர் துடிக்கிறார்கள். கணினிக்குள் இருக்கும் மென்பொருள் உயிரற்றதாம். இரும்புப் பெட்டிக்குள் சென்று வந்தால்தான் ஒலிக்கு உயிர் வருமாம்!

பெயரைக் கேட்டு மருள வேண்டா. இந்த பஸ், ஆனேக்கலிலிருந்து சந்தாபுரம் போகும் பஸ் அன்று. நாகசுரம் ஒரு பாதையில் வருகிறது, தவில் ஒன்றில், சுருதி ஒன்றில், தாளம் ஒன்றில். எல்லாம் வந்து ஏறிக்கொள்ளும் பொதுவழிதான் பஸ். (நம் பஸ்ஸிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை, அந்த அளவில் ஒப்புமை பொருந்தும்.) இடம், வலம் என இரு தடமாக அது வெளியே செல்லும். அந்த இரு தடத்தின் குறுக்கே காவலாளிபோல நின்று, ஒலி ஒரு வரம்பை மீறும்போதெல்லாம் அதைத் தாழ்த்துவது கம்ப்ரஸரின் வேலை. ‘நான்குக்கு ஒன்று’ என்று குமிழைத் திருப்பி வைத்தால், வரம்புக்கு மேல் எட்டு டெசிபெல் எழும்பும் ஒலி இரண்டு டெசிபெல்லாக வெளிவரும். ஆறு டெசிபெல் அங்கேயே கழிந்துவிடும்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. காவலாளிக்கு ஆள் பேதம் தெரியாது. கூட்டத்தில் ஒருவன் துள்ளினால் எல்லோரையும் சேர்த்தே அழுத்துவான். தவிலின் தொப்பி என்னும் இடப்பக்கத்தைக் கழியால் அடிக்கும்போது எழும் கனத்த ஒலி இருக்கிறதே, அது காதுக்கு அவ்வளவு பெரிதாகப் படாவிட்டாலும் கருவிக்கு மலைபோலத் தெரியும். உடனே பஸ் முழுவதையும் அழுத்துகிறது. நாகசுரம் என்ன குற்றம் செய்தது? அதுவும் சேர்ந்து தாழ்கிறது. பெரியவர் கேட்டது அதைத்தான். நான் இயல்பாகவே இப்படி இருக்கும் என்று எண்ணிவிட்டேன். அவரோ தம் மூச்சு எங்கே தொலைந்தது என்று தேடினார்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. கருவியின் ‘காது’ எனத் தகும் பகுதிக்கு மட்டும் ஒரு வடிப்பான் இட்டு, ஏறத்தாழ நூறு, நூற்றைம்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது கேளாதபடி செய்துவிடலாம். வெளிவரும் ஒலியில் தவிலின் கனம் அப்படியே இருக்கும். ஆனால் அந்தக் கனத்தைக் கண்டு காவலாளி மிரள மாட்டான். இதை ‘சைட்செயின் வடிப்பான்’ என்பர். பறையும் தவிலும் தமட்டையும் பதிவு செய்யும் நம்மைப் போன்றோர், வாங்கும் பெட்டியில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். பெயரை அன்று.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் நண்பர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர் எஸ்.எஸ்.எல். இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டு காலின் சாண்டர்ஸ் தொடங்கிய நிறுவனம். அது முதலில் செய்தவை தேவாலயங்களின் குழாய் ஆர்கனுக்கான மின்கருவிகள் என்பது பலருக்குத் தெரியாது. பிறகு அது செய்த 4000 வரிசைப் பெரிய மேசைகள் உலகப் புகழ் பெற்றன. அந்த மேசையின் நடுவே இருந்த சிறு பகுதிதான் இன்று எல்லோரும் நகலெடுக்கும் பஸ் கம்ப்ரஸர். அதிலே விகிதம் மூன்றே மூன்று: இரண்டு, நான்கு, பத்து. அழுத்தத் தொடங்கும் வேகம் பத்தில் ஒரு மில்லிநொடியிலிருந்து முப்பது மில்லிநொடி வரை ஆறு படிகள். பிடியைத் தளர்த்தும் நேரத்துக்கும் படிகள் உண்டு. தானே பார்த்துக்கொள்ளும் ‘ஆட்டோ’ நிலையும் உண்டு. அவ்வளவுதான்! குமிழ்கள் குறைவு, அவற்றுள் விகிதம், வேகம், தளர்வு ஆகியவை படிப்படியாகத் திரும்புபவை. அவற்றில் இன்று வைத்த நிலையை அடுத்த மாதமும் பிசகாமல் வைக்கலாம். இந்த நற்பண்பைத்தான் நான் மெச்சுகிறேன். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் குமிழ் வழுக்கிக்கொண்டே போகும். நேற்று எங்கே வைத்தோம் என்பது நேற்றோடு போயிற்று.

அந்த ஆறு படிகளில் பறைக்கு எது? நான் பத்து அல்லது முப்பது என்பேன். குச்சி தோலில் படும் முதற்கணம் கருவி விழிப்பதற்குள் கடந்துவிட வேண்டும். பத்தில் ஒரு மில்லிநொடியில் பிடித்தால் அடியின் முகமே சிதைந்துவிடும். பறை அட்டைப் பெட்டிபோல ஒலிக்கும். ஹுஸ்கூர் மத்தூரம்மன் தேர்த் திருவிழாவில் தமட்டை முழங்கக் கேட்டவர்களுக்கு, அந்த முதல் அடியை இழப்பது என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது இணைப்பு. இடமும் வலமும் ஒரே கட்டுப்பாட்டில் சேர்ந்தே தாழ வேண்டும். தனித்தனியே தாழ்ந்தால், வலப்பக்கம் பறை அடிக்கும்போது வலம் மட்டும் குன்றும். நடுவில் நிற்கும் பாடகி இடப்பக்கம் நகர்ந்துபோவாள். அடிக்கு ஒருமுறை நகர்ந்து நகர்ந்து நிற்பாள்! சந்தையில் இரட்டைத் தடக் கம்ப்ரஸர்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை ‘ஸ்டீரியோ’ என்று நம்பி வாங்குமுன், இணைப்புப் பொத்தான் உண்டா, இருந்தால் இரு தடமும் உண்மையிலேயே ஒத்து இறங்குகின்றனவா என்று அளந்து பார்க்க வேண்டும்.

மலிவு என்பதற்காக எதையும் நான் பழிக்கவில்லை. 1990களின் அலெசிஸ் 3630 என்னும் பெட்டியைத் தூக்கி எறியாதவர் இல்லை; பிரான்சு நாட்டு டாஃப்ட் பங்க் இருவரும் அதைக்கொண்டே தம் இசைத்தட்டுகளை உருவாக்கினார்கள். தவிலால் நம் நாகசுரத்துக்கு நேர்ந்த அதே மூச்சுத்திணறலை அவர்கள் வேண்டுமென்றே வரவழைத்து, அதையே தாளமாக்கிவிட்டார்கள். அது அவர்கள் இசைக்குப் பொருந்தும். மல்லாரிக்குப் பொருந்துமா?

அமெரிக்காவின் டெக்சாசிலிருந்து எஃப்.எம்.ஆர். நிறுவனம் 1990களின் இறுதியில் ஆர்.என்.சி. என்றொரு சிறு பெட்டியைக் கொண்டுவந்தது. ‘ரியலி நைஸ் கம்ப்ரஸர்’ என்பதன் சுருக்கமாம். இவ்வளவு வெகுளியான பெயரை வேறெங்கும் கண்டதில்லை. இருநூறு டாலர் அளவிலான விலை. இரு தடத்துக்கும் ஒரே குமிழ்த் தொகுதி. ஆகவே இணைப்புப் பற்றிய ஐயமே இல்லை. வடிப்பான் உள்ளே இல்லை, ஆனால் சைட்செயின் துளை இருக்கிறது. வெளியிலிருந்து வடிப்பானைக் கோத்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.எல்.லைப் பின்பற்றி வார்ம் ஆடியோ செய்யும் பஸ்-காம்ப் ஆயிரம் டாலருக்குள் அடங்கும், வடிப்பானும் உண்டு. ஆனால் கப்பல் செலவும் சுங்கமும் வரியும் சேர்ந்தால் நம் அறுபதாயிரம் எந்த மூலைக்கு?

அதோடு முடிவதில்லை. நம் அறையில் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு வெளிவழி இரண்டே. அந்த இரண்டும் ஸ்பீக்கருக்குப் போய்விட்டன. கம்ப்ரஸருக்கு ஒலியை அனுப்ப இன்னும் இரண்டு வெளிவழி, திரும்ப வாங்க இரண்டு உள்வழி வேண்டும். ஆகப் பெட்டி வாங்கினால் இன்டர்ஃபேஸும் புதிதாக வாங்க வேண்டும். மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுக்கப் போய் வீட்டை அடகு வைத்த கதை!

“ரஹ்மான் வீட்டோடு சேர்ந்த சிறு அறையில்தானே தொடங்கினார்? நாமும் கருவிகளைச் சேர்த்தால் என்ன?” என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்து வீட்டில் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. மறுக்கவில்லை. ஆனால் அவருடன் நெடுங்காலம் பணியாற்றிய எச். ஸ்ரீதர் என்னும் ஒலிப்பொறியாளரின் காதுகளை எந்தக் கடையில் வாங்குவது? 2008இல் அவர் மறைந்தபோது, திரையுலகம் அஞ்சலி செலுத்தியது அவர் வைத்திருந்த பெட்டிகளுக்கா?

பெட்டி விற்பவர் கையாளும் மாயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் எனக்கே நேர்ந்தது. கம்ப்ரஸரை நீக்கிப் பாட்டைப் போட்டார். பிறகு சேர்த்துப் போட்டார். ஆகா, என்ன நிறைவு! வாங்கிவிடத் துடித்தேன். பிறகுதான் பார்த்தேன், ஒலியை ஈடுகட்டும் குமிழ் இரண்டு டெசிபெல் மேலே நின்றது. அதை இறக்கி, இரண்டையும் ஒரே அளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைக்காரருக்கும் முடியவில்லை. உரக்க ஒலிப்பது உயர்ந்தது என்று காது நம்பிவிடுகிறது. மேடைப் பேச்சில் நாம் காணாததா? அந்த உரத்தால் இன்று பயனும் இல்லை. யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மிகையாக ஒலிக்கும் பாட்டைத் தாமே தாழ்த்திவிடுகின்றன.

ஆகவே என் கருத்து இது. இப்போது வாங்க வேண்டா. நம் கணினியில் இருக்கும் மென்பொருளில் இணைப்பும் உண்டு, வடிப்பானும் உண்டு, எஸ்.எஸ்.எல். நிறுவனமே தன் கம்ப்ரஸரை மென்பொருளாகவும் விற்கிறது. அறுபதாயிரத்தில் நல்ல மைக் இரண்டும், சுவருக்குக் கனத்த போர்வையும், பாட வருபவர்க்குக் கௌரவமான சன்மானமும் முதலில். இரும்புப் பெட்டி வேண்டும் என்று ஆசை அடங்காவிட்டால், நாமே செய்வோம். டென்மார்க் பொறியாளர் யாக்கோப் ஏர்லாண்ட் எஸ்.எஸ்.எல். வகைக் கம்ப்ரஸரின் சுற்றுப்படத்தைப் பலரும் கட்டிப் பார்க்கும்படி பொதுவில் வைத்திருக்கிறார். மின்னணுத் துறை மாணவர் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். உதிரிப்பொருளில் பெரும்பகுதி பெங்களூர் எஸ்.பி. சாலையில் கிடைக்கும். ஒலியைத் தாழ்த்தும் சில்லை மட்டும் நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும், போலிகள் மிகுதி. 230 வோல்ட் மின்சாரம் சேரும் பகுதியை ஆசிரியர் ஒருவர் முன்னிலையில் மட்டுமே தொட வேண்டும். பழுதானால் பிரித்துப் பார்க்கவாவது நமக்குத் தெரிந்திருக்கும்.

எந்தப் பெட்டி வந்தாலும் ஒன்றை மறவாதீர்கள். பதிவு செய்யும்போதே அழுத்திவிட்டால் மீட்க வழியில்லை. சுட்ட செங்கல்லைக் களிமண்ணாக்க யாரால் முடியும்? அழுத்தாத மூலப் பதிவு தனியே இருக்க வேண்டும். என் நல்லூழ், பொங்கல் கச்சேரியின் மூலப் பதிவு அழியாமல் இருந்தது. அதை எடுத்து, வடிப்பான் இட்டு, இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில், முள் இரண்டு டெசிபெல்லைத் தாண்டாமல் மீண்டும் கலந்தேன். பெரியவரிடம் கொண்டுபோனேன். இம்முறை கையை உயர்த்தவில்லை. முடிந்ததும், “தவில்காரருக்கும் ஒண்ணு அனுப்பி வைங்க தம்பி” என்றார்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை நம் ஒலிப்பதிவு அறையில் பழைய கலவை, புதிய கலவை, நண்பர் ஒருவரின் இரும்புப் பெட்டி வழியே சென்று வந்த கலவை மூன்றையும், ஒரே ஒலி அளவில், பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டுகிறேன். செயற்குழு உறுப்பினர் அனைவரும் வர வேண்டும். எது எது என்று தாளில் எழுதிக் கொடுத்த பிறகு வாக்கெடுப்பை வைத்துக்கொள்ளலாம்.