பத்து மரம் நட்டால் கணக்கு நேராகிவிடுமா?

"ஒரு மரம் வெட்டினால் பத்து மரம் நடுவோம்." மேடையிலும் பத்திரிகையிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கப் பேரேட்டில் வரவு செலவு எழுதியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது கள்ளக் கணக்கு.

சாட்சிக்கு ஒரு தவளையை அழைக்கிறேன். சிரிக்காதீர்கள்.

ராவோர்செஸ்டஸ் சலாசோடஸ் என்று விஞ்ஞானிகள் வைத்த பெயர். இரண்டரை சென்டிமீட்டர் அளவுள்ள பச்சைத் தவளை. 1874-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. தொலைந்த ஃபைல் மாதிரி கிடந்ததை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி மழைக்காட்டில் மறுபடி கண்டுபிடித்ததாக 2011-இல் அறிவித்தார்கள். அது குடும்பம் நடத்தும் விதத்தை சேஷாத்ரி, குருராஜா, பிக்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் களக்காடு முண்டந்துறைக் காட்டில் பார்த்து 2014-இல் எழுதினார்கள்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று மூன்று படியையும் வரிசையாக எழுதினால்தான் மார்க். இந்தத் தவளைக்கு நடுப்படியே கிடையாது. குளமும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். காட்டில் வளரும் மெல்லிய மூங்கிலின் இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் அதன் பிரசவ அறை. அங்கே இடும் சில முட்டைகளிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவருகிறது. அதுவரை காவல் இருப்பது தகப்பன். அவன் இல்லையென்றால் வேறு ஆண் தவளைகளே புகுந்து முட்டையைத் தின்றுவிடும்.

இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். மூங்கிலைத் துளைக்க இந்தத் தவளைக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. பூச்சியோ எலியோ தன் தேவைக்குப் போட்ட ஒடுங்கிய துளை வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். ஆக மூங்கில் வேண்டும், அதைத் துளைக்கிற பிராணி வேண்டும், இரண்டும் வாழ்கிற ஈரக்காடு வேண்டும். இதில் ஒன்று போனாலும் வம்சம் போச்சு. அந்த மூங்கிலோ காகிதக் கூழுக்கும் பாய் முடையவும் வெட்டப்படுகிற சரக்கு.

இப்போது பத்துக் கன்றுக்காரர்களைக் கேட்கிறேன். எந்தப் பத்து? எங்கே நடுவீர்கள்? எலி போட்ட துளையையும் சேர்த்து நட்டுவிடுவீர்களா? 1980-ஆம் வருடத்துக் காடு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குக் கொடுத்தால் வேறிடத்தில் மரம் வளர்க்க வேண்டும். அந்தப் பணத்தைக் கையாள 2016-இல் தனிச் சட்டமே வந்தது. ரசீது இருக்கும், கன்றின் எண்ணிக்கையும் இருக்கும். தவளைக்கு எந்தப் பத்தியில் இடம்?

மரம் நடுவதையே நான் பழிக்கவில்லை. மொட்டையாகக் கிடந்த நம் அண்ணாமலையில் கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, கோடையில் தீ அணைத்தவர்களை நாம் கண்ணால் பார்த்தோம். கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். ஆனால் வெறும் பாறையில் பச்சை கொண்டுவருவது வேறு, இருக்கிற காட்டை அழித்துவிட்டு அதற்கு ஈடு என்று கன்று காட்டுவது வேறு. முன்னது புண்ணியம். பின்னது, வீட்டை இடித்துவிட்டுப் பத்துச் செங்கல்லைக் கையில் கொடுப்பது.

அடுத்த முறை யாராவது மேடையில் "பத்து மரம்" என்றால், கை தட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "வெட்டின மரத்தில் யார் குடியிருந்தார்கள் ஐயா?"