கடுகும் பூசணியும்

கடுகு போன இடத்தை ஆராய்பவர் பூசணிக்காய் போன இடத்தை ஆராய்வதில்லை என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. கண்ணுக்குப் புலனாகும் சிறு செலவை அடக்க முயன்று, புலனாகாத பெருஞ்செலவை ஓடவிடுவோர் இயல்பை இதனினுஞ் சுருங்கச் சொல்லல் அரிது. இவ்வியல்பு எப்பருவத்தார்க்கும் பொதுவேயாயினும், வரவு ஒரு நிலையில் நின்றுவிட்ட முதுமைப் பருவத்தில் இதனால் விளையுந் துன்பம் பெரிது. அன்றாடம் கடைத்தெருவிற் செய்யும் செலவையும், வீட்டு முகப்பில் நிற்கும் காரின் செலவையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து, அத்துன்பத்தின் காரணத்தையும் அது நீங்கும் வழியையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். யாம் இன்னும் ஊதியம் ஈட்டத் தொடங்காத மாணவர். முதியோர்க்கு அறிவுரை கூறுந் தகுதி எமக்கில்லை. ஆயினும், அவர்தம் மக்களும் பேரருமாகிய எம்மனோர்க்கு இதன்கண் ஒரு கடமை உண்டு என்று கருதுதலின், இதனை எழுதத் துணிந்தோம்.

பாளையங்கோட்டையை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பள்ளிகளும் கல்லூரிகளும் மலிந்தமையால் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று புகழப்பெறும் அந்நகரில், ஆசிரியப் பணியும் அலுவலகப் பணியும் ஆற்றி ஓய்வு பெற்றோர் பலர் வாழ்கின்றனர். அங்கே மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலை வேளையிற் செல்வோர், பையுங் கையுமாக நிற்கும் முதியோரைக் காணாமல் மீளார். உழவர் சந்தை என்பது 1999ஆம் ஆண்டில் மதுரையில் முதன்முதல் திறக்கப்பட்டுப் பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய ஏற்பாடு. இடைத்தரகரின்றி உழவரே விற்பர். அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். அப்பலகையை மும்முறை படித்து, கத்தரிக்காயிற் கால் கிலோவும் வெண்டைக்காயிற் கால் கிலோவும் நிறுத்து வாங்கி, கொசுறாகக் கறிவேப்பிலையுங் கேட்டுப் பெற்று, வீடு சேர்ந்ததும் கணக்கேட்டில் ஒரு ரூபாயும் விடாமல் எழுதிவைக்கும் பெரியோரை யாம் அறிவோம். இஃது இகழத்தக்கதன்று, போற்றத்தக்கது. இருவர் உண்ணும் வீட்டிற்குக் கால் கிலோவே அளவு. மிகுதியாக வாங்கிக் குளிர்ப்பெட்டியில் அழுகவிடுதல் சிக்கனமாகாது. அன்றியும், நாடோறும் சந்தைக்கு நடந்து சென்று, நாலு பேரைக் கண்டு நலம் உசாவி வருதல், தனித்திருக்கும் முதியோரின் உடற்கும் உள்ளத்திற்கும் மருந்தாகின்றது.

ஆயின், அதே கணக்கேட்டிற் காருக்கென்று ஒரு பக்கம் உண்டோ எனப் பார்ப்பின், பெரும்பாலும் இராது. பெட்ரோல் போட்ட நாளன்று ஒரு வரி இருக்கும், அவ்வளவே. இதற்குக் காரணம் யாது? காய்கறிக்குக் கொடுக்கும் காசு நாடோறும் கையினின்று நீங்குகின்றது. நீங்குந்தோறும் மனத்தை உறுத்துகின்றது. காரின் செலவோ அங்ஙனம் வருவதன்று. அது சில நாள் காப்பீடாகவும், சில நாள் பாட்டரியாகவும், சில நாள் டயராகவும் வேறுவேறு உருவில் வருதலின், வருந்தோறும் 'இஃது எதிர்பாராத செலவு' என்று தனியே ஒதுக்கப்படுகின்றது. இவையெல்லாவற்றினும் பெரிய செலவு வண்டியின் விலை தேய்தல். அஃது ஒருநாளும் கையை விட்டுப் போவதாகத் தோன்றுவதில்லை. வண்டி கொட்டகையில் நிற்கும்போதே கரைந்துகொண்டிருக்கின்றது. காப்பீட்டுத் துறையில் வழங்கும் அளவையே இதற்குச் சான்றாகும். புதிய வண்டி ஆறு திங்களைக் கடந்தவுடன் அதன் விலையில் 15 விழுக்காட்டையும், ஓராண்டைக் கடந்தபின் 20 விழுக்காட்டையும், நான்காண்டு கடந்து ஐந்தாம் ஆண்டு நடக்குங்கால் 50 விழுக்காட்டையும் கழித்தே அதன் மதிப்பை வகுக்கின்றனர்.

இனி ஒரு கணக்கை இட்டுப் பார்ப்போம். ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையினின்று ஒருவர் 6,00,000 ரூபாய்க்குக் கார் வாங்கினார் என்று கற்பித்துக்கொள்வோம். மேற்கூறிய அளவையின்படி ஐந்தாண்டில் 3,00,000 ரூபாய் தேய்கின்றது. அஃதாவது ஆண்டுக்கு 60,000. காப்பீட்டிற்கு ஆண்டுக்கு 12,000 என்றும், பழுது பார்த்தல், டயர், பாட்டரி ஆகியவற்றிற்கு 12,000 என்றும் வைப்போம். முதியவர் நெடுந்தொலைவு செல்வதில்லை. மருத்துவரிடத்தும், வழிபாட்டிற்கும், உறவினர் வீட்டிற்குமாகத் திங்களுக்கு 150 கிலோமீட்டர் செல்வாராயின், லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டராகப் பத்து லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொள்ளின், திங்களுக்கு 1,000, ஆண்டுக்கு 12,000. இந்நான்கினையும் கூட்ட, ஆண்டுக்கு 96,000; திங்களுக்கு 8,000 ரூபாய் ஆகின்றது. இதனுட் கணக்கேட்டில் ஏறியது பெட்ரோலுக்குரிய ஆயிரமே. எட்டில் ஏழு கூறு எழுதப்படாமலே போயிற்று. கிலோமீட்டர் ஒன்றுக்கு 53 ரூபாய் செலவாகும் இவ்வண்டியில் ஏறிச் சென்று, கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்குமாறு வாதிடுகின்றோம்!

வண்டி பழையதாகுந்தோறும் தேய்வு குறையும் என்பது உண்மையே. ஆயின் அவ்வளவிற்குப் பழுது மிகும். ஓடாது நிற்கும் வண்டிக்குஞ் செலவு உண்டு. நின்றவாறே பாட்டரி சோர்ந்துவிடும். டயர் கெட்டித்துப் போகும். எலி புகுந்து மின்கம்பியைக் கடிக்கும். சட்டமும் தனக்குரிய பங்கைக் கேட்கும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பிறர்க்கு நேருந் தீங்கிற்கான காப்பீடின்றி எவ்வண்டியும் சாலையில் ஓடலாகாது. 2022 ஜூன் 1 முதல் வகுக்கப்பட்ட வீதத்தில், 1,000 முதல் 1,500 கன சென்டிமீட்டர் வரையுள்ள எஞ்சின் பூட்டிய காருக்கு இக்காப்பீடு மட்டும், வரி நீங்கலாக, 3,416 ரூபாய். பதினைந்தாண்டு நிரம்பிய காரின் பதிவைப் புதுப்பிக்குங் கட்டணமும் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

மற்றொருபுறம் வரவின் நிலையை நோக்குக. அரசாங்கப் பணியினின்று பழைய முறைப்படி ஓய்வூதியம் பெறுவோர்க்கு விலைவாசி உயருங்கால் அகவிலைப்படியும் ஓரளவு உயரும். தனியார் நிறுவனங்களில் உழைத்து, வருங்கால வைப்புநிதியைச் சார்ந்த 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின்வழி ஓய்வூதியம் பெறுவோர்க்கு அதுவும் இல்லை. அத்திட்டத்தில் 2014 செப்டம்பரில் வகுத்த குறைந்த அளவு திங்களுக்கு 1,000 ரூபாயே. வரவு நிற்க, விலை ஏற, வீட்டுச் செலவை எங்கேனுங் குறைத்துத்தான் ஆகவேண்டும். எதைக் குறைப்பது? கண்ணுக்குத் தெரிவதையே குறைக்க முடியும். எனவே பழம் குறைகின்றது. பால் அரை லிட்டரினின்று கால் லிட்டராகின்றது. கண் மருத்துவரிடம் செல்வது அடுத்த திங்களுக்குத் தள்ளப்படுகின்றது. கூடையைத் தலையிற் சுமந்து தெருத்தெருவாக வரும் கீரைக்காரியின் கைக்குச் சேரவேண்டிய இரண்டு ரூபாயும் பிடித்தம் செய்யப்படுகின்றது. அம்முதியோர் உலோபியரல்லர், பெரிய செலவு மறைந்து நிற்றலால், சிக்கனத்தின் சுமை முழுதும் அவர்தம் உணவின்மேலும், அவரினும் எளியோரின் கூலியின்மேலும் விழுந்துவிடுகின்றது. இதுவே எம் உள்ளத்தை வருத்துவது.

வள்ளுவனார் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், பொருள் வருகின்ற வழி சிறுத்திருந்தாலும் அது வெளியேறும் வழி விரியாதவரையில் ஒருவனுக்குத் தாழ்வில்லை என்னுங் கருத்தை உரைத்துள்ளார். வெளியேறும் வழிகளை எல்லாம் ஒருவன் கண்டிருந்தாலன்றோ, எது விரிந்தது என்று அறிதல் கூடும்? காணாத வழியை அடைத்தல் யார்க்கும் இயலாது.

இவ்விடத்துச் சிலர் எம்மை மறுத்துரைக்கலாம். 'மூட்டு வலியால் பேருந்தின் படி ஏற இயலாதார்க்குக் காரே காலன்றோ? வாடகை வண்டி எளிதில் வாராத சிற்றூரில் இருப்பார் என் செய்வர்?' என்பர். இக்கூற்றை யாம் முழுதும் உடன்படுகின்றோம். அத்தகையோர்க்குக் கார் ஆடம்பரமன்று, ஊன்றுகோல் போன்றது. அவர்கள் அதனை வைத்துக்கொள்ளட்டும். அடிக்கடி பயன்படுத்தவும் செய்யட்டும். வேறு சிலர், 'நள்ளிரவில் நெஞ்சு வலி வந்தால் கார் வேண்டாவோ?' என்பர். அந்நேரத்தில், மங்கிய கண்ணும் நடுங்கிய கையுமாக முதியவர் தாமே வண்டியைச் செலுத்துதல் நோயினும் பெரிய இடராக முடியலாம். 2008ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணுக்கு அழைத்தாற் கட்டணமின்றி மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு தமிழகத்தில் உள்ளது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்கு ஓட்டுநர் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்று சட்டம் வகுத்திருப்பதும், அதற்கு மருத்துவர் சான்று கேட்பதும் இவ்வுண்மையை உட்கொண்டே என்க.

மூன்றாவதாகக் கூறப்படும் காரணமே யாவற்றினும் வலியது. ஆயினும் வெளிப்படச் சொல்லப்படுவதில்லை. அது மானம். 'நேற்றுவரை காரிற் சென்றவர் இன்று ஆட்டோவில் வந்திறங்கினால் ஊரார் என்ன நினைப்பர்?' என்னும் அச்சம் பலரைப் பிடித்திருக்கின்றது. நாற்பதாண்டு உழைத்துப் பெற்ற கார் ஒருவர்க்கு வெறும் இரும்பன்று. அவர் வாழ்க்கையிற் கண்ட வெற்றியின் அடையாளம். அதனை எளிதாக எண்ணுவார் முதுமையை அறியாதார். ஆயினும் ஒன்று கேட்கின்றோம். வாயிலில் நிற்கும் வண்டி தரும் மதிப்பிற்கு, உண்ணும் தட்டில் குறையும் பழம் விலையாதல் தகுமோ? ஊரார் வாயிலை மட்டுமே காண்பர். தட்டை அவர் காண்பதில்லை.

ஆகவே, காரை விற்றுவிடுக என்று யாம் கூறவில்லை. காரையும் கணக்கில் ஏற்றுக என்றே கூறுகின்றோம். கத்தரிக்காய் எழுதிய ஏட்டிலேயே காருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. ஓராண்டுச் செலவு முழுதையும், தேய்வையும் சேர்த்து, பன்னிரண்டாற் பகுத்துத் திங்கள்தோறும் எழுதுக. அத்திங்களில் எத்தனை முறை வண்டி வெளியே சென்றது என்பதையும் அருகே குறிக்க. மேலே நாம் இட்ட கணக்கில், திங்களுக்குப் பதினைந்து முறை சென்றால், ஒரு முறைக்கு 533 ரூபாய் ஆகும். போய்வரவும், காத்திருக்கவும் சேர்த்து முறைக்கு 300 ரூபாய் வாடகை கொடுத்தாலும் 4,500 ரூபாயில் முடியும். எஞ்சிய 3,500 பாலும் பழமும் மருந்தும் ஆகும். அவ்வண்டியை 3,00,000 ரூபாய்க்கு விற்று மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடுவாராயின், 2023 ஏப்ரலில் அமைந்த 8.2 விழுக்காட்டு வட்டியின்படி ஆண்டுக்கு 24,600 ரூபாய் வரும், திங்களுக்கு 2,050. வாடகையில் ஏறக்குறையப் பாதியை அவ்வட்டியே தாங்கும். இக்கணக்கைக் கண்டபின்னும், 'எனக்குக் கார் வேண்டும்' என்று ஒருவர் துணிவாராயின், அத்துணிவு தக்கதே. அவர் தெரிந்து கொடுக்கின்றார், தெரியாமல் இழக்கவில்லை.

இனி, இளையோராகிய எம் கடமையைக் கூறி முடிப்போம். வெளிநாட்டில் இருக்கும் மக்கள் அன்பு மிகுதியாற் பெற்றோர்க்குப் புதிய கார் வாங்கித் தருதல் இக்காலத்து வழக்கமாயிற்று. யானையைக் கட்டித் தீனி போடுதல் எளிதன்று. யானையைப் பரிசாக அளிப்பவர் தீனிக்கும் வழி செய்தலே முறை. இன்றேல் அப்பரிசு ஓய்வூதியத்தை உண்டு வளரும். வேறு சிலர் இதற்கு மாறாக, 'இந்த வயதில் உங்களுக்கு எதற்குக் கார்?' என்று ஆணையிட்டு விற்கச் செய்து, விற்ற பணத்தைப் பேரன் படிப்பிற்கும் வீட்டுக் கடனுக்கும் திருப்பிவிடுகின்றனர். இது முன்னதினுங் கொடிது. காரோடு முதியவரின் போக்குவரவும் போய்விடுகின்றது. ஆட்டோவுக்குக் காசு கேட்க நாணி அவர் திண்ணையோடு அடங்கிவிடுகின்றார். காரை விற்ற பணம் அவர்தம் போக்குவரவிற்கே உரியது. அதனைத் தனியே ஒரு வைப்பாக வைத்து, மனக்குறையின்றிச் செலவிடுமாறு நாமே அவரைத் தூண்டுதல் வேண்டும்.

அரசாங்கத்திற்கும் இதிற் பங்குண்டு. அறுபது ஆண்டு நிரம்பிய ஆடவர்க்கு 40 விழுக்காடும், ஐம்பத்தெட்டு நிரம்பிய பெண்டிர்க்கு 50 விழுக்காடுமாகப் புகைவண்டிக் கட்டணத்தில் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2021 மே முதல் தமிழகத்துச் சாதாரண நகரப் பேருந்துகளிற் பெண்டிர் கட்டணமின்றிச் செல்லும் ஏற்பாடு வந்தபின், பாட்டிமார் பலர் கோயிலுக்கும் சந்தைக்கும் தாமே சென்று வருவதைக் காண்கின்றோம். படி தாழ்ந்த பேருந்தும், இருக்கையுள்ள நிறுத்தமும், குழியில்லா நடைபாதையும் அமையுமாயின், காரின்றி வாழ்தல் பலர்க்கும் எளிதாகும்.

முதுமை என்பது வாழ்நாளெல்லாம் எண்ணிச் செலவிட்டார் சற்று ஆறியிருக்க வேண்டிய காலம். அக்காலத்திற் பூசணி போன வழியைக் கண்டுகொண்டாற் கடுகிற்காக வருந்தும் வருத்தம் பெரிதும் குறையும். எம் வீட்டு முதியோர் பழத்தைத் தயங்காது வாங்கவும், கீரைக்காரிக்குக் கேட்ட விலையைக் கொடுத்து முகமலர்ச்சியோடு மீளவும், வேண்டிய நாளில் வேண்டிய இடத்திற்குச் சென்று வரவும் துணைநிற்றல் எம் கடன். அதற்கு முதற்படியாக, இவ்விடுமுறையில் அவர்தம் அருகே அமர்ந்து, கணக்கேட்டில் அந்த ஒரு பக்கத்தை அவரோடு சேர்ந்து எழுதுவோமாக.