அசல், போலி என்னும் வழக்கு

‘உண்மையானவரா, போலியானவரா?’ என்ற கேள்வியின் பொருளை எம்மவருக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1987 பெப்ரவரியில், ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் தம் உடைகளைக் களைந்து நின்று எதிர்ப்புக் காட்டியது இக்கேள்வியின் முன்னிலையில்தான். 1990களில் ‘போலி அகதி’ என்ற சொற்றொடரை இந்நாட்டு நாளேடுகள் சலிப்பின்றி அச்சிட்டன. வந்த வழியையும் பட்ட பாட்டையும் அதிகாரியின் மேசைக்கு முன்னால் மீண்டும் மீண்டும் சொல்லித் தம்மை நிரூபித்தவர்கள் எம்மிடையே ஆயிரக்கணக்கில் உளர்.

அத்தகைய நாம், இசை என்று வந்தவுடன் அதே அதிகாரியின் நாற்காலியில் அமர்ந்துவிடுகிறோம். கோடை விழாவிலோ பொங்கல் மாலையிலோ எமது இளையோர் மேளத்தோடு மின்கிற்றாரையும் இணைத்து மேடையேறினால், முன்வரிசையில் எழும் முதற்கேள்வி ‘இது எங்களுடையதா?’ என்பதே. இலண்டன் இசையுலகில் இவ்வழக்கு அரை நூற்றாண்டாக நடைபெற்று வருகின்றது. ஸ்கா, பங்க் ஆகிய இரு இசைவகைகளைச் சுற்றி எழுந்த அவ்வழக்கை எம்மவர் அறிந்திருத்தல் நன்று. குடிபெயர்ந்து வந்தவர்கள் அதில் சாட்சிகளாகவும் நின்றனர். குற்றவாளிக் கூண்டிலும் நின்றனர்.

ஸ்கா 1950களின் இறுதியில் ஜமேக்காவின் கிங்ஸ்ரன் நகரில் பிறந்தது. அமெரிக்க வானொலிகளில் கேட்ட தாளத்தையும், தம் தீவின் நாட்டார் இசையையும், ஜாஸையும் ஒன்றாக்கி அந்நகரக் கலைஞர்கள் அதனை உருவாக்கினர். இங்கிலாந்துக்குக் குடிவந்த ஜமேக்கர்களோடு அதுவும் வந்தது. 1964இல் மிலி ஸ்மோல் என்ற ஜமேக்க இளம்பெண் இலண்டனில் ஒலிப்பதிவு செய்த ‘மை போய் லொலிபொப்’ என்ற பாடலே இந்நாட்டவர் பலர் முதன்முதலிற் கேட்ட ஸ்கா. அப்பாடலோ 1956இல் ஓர் அமெரிக்கப் பாடகி பாடியது. மூலத்தைத் தேடிப் புறப்படுபவர் முதல் திருப்பத்திலேயே வேறொரு நாட்டில் நிற்கிறார்.

1979இல் கொவன்றி நகரில் ஜெரி டாமர்ஸ் என்பார் ‘டூ டோன்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடக்கினார். ‘இருநிறம்’ என்பது அப்பெயரின் பொருள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாக நின்று, ஸ்காவைப் பங்க் இசையின் வேகத்தோடு கலந்து வாசித்தனர். இது ஜமேக்கர்களின் சொத்தைத் திருடுவதாகாதா என்று அன்றே கேட்கப்பட்டது. அக்கேள்வி வெறுங் குதர்க்கமன்று. கிங்ஸ்ரன் கலைஞர்கள் பலர் ஒருநாட் கூலியோடு ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு வெளியேறியவர்கள். தம் இசைத்தட்டுகள் உலகெங்கும் விற்றபோது அவர்களுக்கு உரிமைத்தொகை வந்து சேரவில்லை.

டாமர்ஸின் குழுவான ‘ஸ்பெஷல்ஸ்’ இக்கேள்விக்கு அளித்த விடையை நாம் கவனித்தல் வேண்டும். 1967இல் டான்டி லிவிங்ஸ்ரன் பாடிய ‘றூடி’ பற்றிய பாடலை அவர்கள் 1979இல் மீண்டும் பாடியபோது, பழைய ஒலிப்பதிவில் துரொம்போன் ஊதிய றீக்கோ றொட்றிகஸ் என்ற கலைஞரையே அழைத்து வந்து ஊதச் செய்தனர். பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் அதே பாடல், அதே மூச்சு. தம்மோடு மேடைகளிலும் அவரை நிறுத்தினர். அந்த றீக்கோ பிறந்தது கியூபாவின் ஹவானாவில், வளர்ந்தது கிங்ஸ்ரனில், 1961இல் இங்கிலாந்து வந்து, 2015இல் இலண்டனில் மறைந்தார். ஸ்காவின் அசற் குரல்களில் ஒன்று என மதிக்கப்பட்ட அவரும் இரு தடவை கடல் கடந்தவரே.

பங்க் இசையில் இவ்வழக்கு வேறு உருவம் எடுத்தது. அங்கே கேட்கப்பட்டது நிறமன்று, வர்க்கமும் பணமும். 1977 ஜனவரியில் ‘கிளாஷ்’ குழு சிபிஎஸ் என்ற பெருநிறுவனத்தோடு 100,000 பவுணுக்கு ஒப்பந்தம் செய்தபோது, அன்றே பங்க் செத்துவிட்டது என்று அவ்விசைக்கான சிறுபத்திரிகையொன்றை நடத்தியவர் தீர்ப்புக் கூறினார். அக்குழுவின் பாடகர் ஜோ ஸ்ரம்மர் இராசதந்திர அதிகாரி ஒருவரின் மகன். அங்காராவிற் பிறந்து, விடுதிப் பாடசாலையிற் படித்தவர். இவருக்குத் தெருவைப் பற்றிப் பாட என்ன தகுதி என்று அவருடைய வாழ்நாள் முழுவதும் கேட்டனர். ஆயினும் 1978 ஏப்பிரல் 30ஆம் நாள், இனவாதத்துக்கு எதிரான றொக் இயக்கம் ட்ரஃபல்கார் சதுக்கத்திலிருந்து ஹக்னி விக்ரோறியாப் பூங்கா வரை ஊர்வலம் நடத்தியபோது, பல்லாயிரவர் முன்னிலையில் வாசித்தவர்களுள் இந்த அதிகாரியின் மகனும் ஒருவர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘அசல்’ என்ற சொல்லை மிக உரத்துக் கூவியவர்கள் யார் என்பதை அது காட்டுகின்றது. மொட்டைத்தலை இளைஞர் எனப்பட்ட ஸ்கின்ஹெட்டுகள் 1960களின் இறுதியில் ஜமேக்க இசைக்கு ஆடியவர்கள். பத்தாண்டுகளில் அவர்களுள் ஒரு பகுதியினர் தேசிய முன்னணி என்ற இனவாதக் கட்சியின் பின்னால் நின்று, ஸ்கா மேடைகளின் முன்னால் நாசி வணக்கம் செலுத்தினர். ‘ஓய்’ என்ற இசைவகையினர் தாமே தொழிலாளர் வர்க்கத்தின் கலப்பற்ற குரல் என்றனர். 1981 யூலை 3ஆம் நாள் சவுத்தோலில் ஹம்புறோ மதுச்சாலையில் அவர்களது நிகழ்ச்சி நடந்தபோது, கிழக்கு இலண்டனிலிருந்து பேருந்துகளில் வந்தவர்களுக்கும் அவ்வூர் ஆசிய இளைஞருக்கும் மோதல் மூண்டு, மதுச்சாலை எரிந்து சாம்பலாயிற்று. ஆலைகளிலும் விமான நிலையத்திலும் உழைத்த சவுத்தோல் மக்களைத் தவிர வேறு எவர் தொழிலாளர்? ஆனால் கலப்பற்ற குரலுக்கு அவர்கள் செவியில் விழவேயில்லை. அசல் என்ற சொல் சுவராக மாறும்போது, அச்சுவருக்கு வெளியே முதலில் தள்ளப்படுபவர் எம்போன்றவரே.

இவ்வழக்கு கடைசியில் தமிழ்ப் பெண்ணொருவரின் வாசலுக்கும் வந்தது. எம்.ஐ.ஏ. என்ற பெயரிற் பாடும் மாதங்கி மாயா அருள்பிரகாசம் 1975இல் இலண்டனிற் பிறந்து, குழந்தையாக இலங்கை சென்று, 1980களின் நடுப்பகுதியில் தாயோடு அகதியாகத் திரும்பி, தெற்கு இலண்டன் மிச்சத்தில் வளர்ந்தவர். 2005இல் வந்த முதற் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரையும், 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் சூட்டினார். அவரைப் பற்றியும் அதே விசாரணை நடந்தது: கலைக்கல்லூரியிற் படித்தவர் அகதியின் குரலா? வசதியாக வாழ்பவருக்கு வன்னியைப் பற்றிப் பேச உரிமை உண்டா? 2010இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகைக் கட்டுரையொன்று, அவர் விலையுயர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலைச் சாப்பிட்டபடி அரசியல் பேசியதை எடுத்துக்காட்டியது. அவர் அவ்வுரையாடலின் ஒலிப்பதிவையே வெளியிட்டுப் பதிலடி கொடுத்தார். அவருடைய கருத்துகள் பலவற்றோடு உடன்படாதோர் எம்மிடையே உண்டு. அது வேறு விடயம். அகதி என்றும் பசித்தே இருக்க வேண்டும், பசி தீர்ந்தால் அவர் பொய்யர் என்ற அந்த அளவுகோலை நாம் ஏற்பதற்கில்லை. அதனை ஏற்றால், கடன்பட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய எம் குடும்பங்கள் யாவும் பொய்யர் பட்டியலிற் சேரும்.

அவரது பெயரை உலகறியச் செய்த ‘பேப்பர் பிளேன்ஸ்’, கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துண்டின் மேல் கட்டப்பட்டது. அதனை அவர் மறைக்கவில்லை. பாடலாசிரியர் பட்டியலில் ஸ்ரம்மர் உட்பட அக்குழுவினர் நால்வரின் பெயர்களும் உள்ளன. இராசதந்திரியின் மகன் குடியேறியோரைப் பற்றிப் பாடியதை, குடியேறிய பெண் எடுத்துத் தன் கதையாக்கினார். கடனையும் எழுதி வைத்தார்.

எனவே எமது கருத்து இதுதான். ஓர் இசை எந்த இரத்தத்திற் பிறந்தது என்று கேட்பதால் எவருக்கும் நீதி கிடைப்பதில்லை. யாரிடமிருந்து பெற்றீர், அவர் பெயரைச் சொன்னீரா, அவருக்குரிய பங்கைக் கொடுத்தீரா, அவருக்கு இடர் வந்த நாளில் எப்பக்கம் நின்றீர் என்று கேட்க வேண்டும். பங்கு கொடாமற் கொழுத்த நிறுவனங்களும், ஜமேக்கத் தாளத்துக்கு ஆடிவிட்டு ஜமேக்கரை அடித்தவர்களும் இக்கேள்விகளுக்கு முன் தப்ப முடியாது.

இக்கேள்விகளை எம்மை நோக்கியும் திருப்புவோம். இங்கே நடைபெறும் அரங்கேற்றங்களில் வயலின் இல்லாத மேடை அரிது. ஐரோப்பாவிலிருந்து வந்த அவ்வாத்தியத்திடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசையை ஒரு காலத்தில் மலிவானது என்று ஒதுக்கியோர் உண்டு. போர்த்துக்கேயரும் ஆபிரிக்க அடிமைகளும் விட்டுச்சென்ற பைலாவின் தாளத்தில் பிறந்த அப்பாடல்களுக்கு இன்று எம் திருமண மண்டபங்களில் பாட்டிமாரும் எழுந்து ஆடுகின்றனர். நேற்றைய கலப்பு இன்றைய மரபாகிவிட்டது.

பறையின் கதையோ இன்னும் கூர்மையானது. இப்போது புலம்பெயர் மேடைகளில் பறை தமிழரின் ஆதி இசை எனப் பெருமையோடு முழங்குகின்றது. மகிழ்ச்சியே. ஆனால் யாழ்ப்பாணத்தில் அதனைச் சாவீடுகளில் முழக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் யார்? கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்? 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது கதவை அடைத்தவர்கள் யார்? அவர்களும் தமிழரே. அக்கதையைச் சொல்லாமற் பறையை மட்டும் எடுத்துக்கொள்வது, பெயர் போடாமல் ஸ்கா இசைத்தட்டை விற்றவர்களின் செயலுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

மொழி அழிந்துவிடுமே என்ற பெரியோரின் அச்சம் பொய்யானதென நாம் கூறவில்லை. அதற்கு மருந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் இருக்கின்றது. பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்குவதில் இல்லை. அவ்வாறே, இசை ஒன்றே எம்மைக் காத்துவிடும் என்ற மயக்கமும் வேண்டாம். விக்ரோறியாப் பூங்கா ஊர்வலம் முடிந்து நான்காம் நாள், 1978 மே 4இல், வைற்சப்பலில் அல்தாப் அலி என்ற வங்கத் தொழிலாளி இனவெறியரால் குத்திக் கொல்லப்பட்டார். பாட்டு அவரைக் காக்கவில்லை. எனினும், அதன்பின் தெருவில் இறங்கிய ஆசியர்களுக்குத் தம் அயலவருள் தோழர் உளர் என்பதை அவ்வூர்வலம் முன்னரே காட்டியிருந்தது.

விழா அமைப்பாளர்களிடம் எமது வேண்டுகோள் சிறியது. அடுத்த நிகழ்ச்சிக்குத் துண்டுப்பிரசுரம் அச்சிடும்போது, பிரதம விருந்தினரின் பட்டங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் இரண்டு வரியைக் குறைத்து, தவில், பறை, மிருதங்கம் வாசிப்போரின் பெயர்களையும் அவர்தம் ஆசிரியர் பெயர்களையும் அச்சிடுங்கள். அவர்களுக்குரிய ஊதியத்தை நிகழ்ச்சி முடிந்த இரவே கொடுங்கள். மின்கிற்றாரோடு வரும் பிள்ளைகளுக்குக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். தாம் எவரிடம் கடன் வாங்கினோம் என்பதை மேடையில் ஒரு நிமிடம் தமிழிற் சொல்லுமாறு அவர்களைக் கேளுங்கள்.