கரடியும் மிளகாயும்

கரடியைப் பார்த்ததும் ஒரு நண்பன் மரத்தில் ஏறிக்கொண்டான். இன்னொருவன் செத்தது போல் மூச்சடக்கிப் படுத்தான். கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த ஈசாப் கதை. நட்பைப் பற்றிய நீதி சரி. கரடி விஷயத்தில் பாதிதான் சரி.

மீதிப் பாதி, அமெரிக்காவில் மொன்டானா, வயோமிங் மலைக்காடுகளுக்கு வேட்டைக்குப் போகிறவர்களுக்கு உயிர்ப் பிரச்னை. அங்கே ரெண்டு வகைக் கரடி. தோளில் திமில் மாதிரி மேடு இருந்தால் க்ரிஸ்லி. இல்லாவிட்டால் கறுப்புக் கரடி. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கறுப்புக் கரடி பழுப்பிலும் உண்டு!

திடீரென்று எதிர்ப்பட்ட க்ரிஸ்லி, குட்டிக்காகவோ இரைக்காகவோ மேலே விழுந்தால், குப்புறப் படுத்துப் பிடரியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, அது விலகிப் போகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். முதுகுப் பையைக் கழற்றக் கூடாது, அதுதான் கவசம். கறுப்புக் கரடி தாக்கினால் படுக்கவே கூடாது. கல்லோ கட்டையோ கிடைத்ததை எடுத்து மூஞ்சியிலேயே போட வேண்டும். சரி, மரத்தில் ஏறலாமா? கறுப்புக் கரடி நம்மைவிட நன்றாக ஏறும். ஓடலாமா? க்ரிஸ்லி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஒலிம்பிக் வீரரே தோற்றுப் போவார்.

ஆகவே சந்திக்காமல் இருப்பதே உத்தமம். சும்மா நடக்கப் போகிறவர்களுக்குச் சொல்வது: சத்தமாகப் பேசு, கும்பலாகப் போ, விடிகாலையிலும் அந்தியிலும் வேண்டாம். வேட்டைக்காரர் செய்வது எல்லாமே இதற்கு நேர் எதிர். விடிகாலையில்தான் கிளம்புவார். இலைகூட மிதிபடாமல் நடப்பார். தன் வாசனை போகாதபடி காற்றுக்கு எதிராகவே போவார். போதாததற்கு, எல்க் என்கிற பெரிய மானைப் பெட்டை மாதிரி கத்திக் கூப்பிடுவார். கூப்பிட்ட குரலுக்குக் கரடியும் வரலாம் இல்லையா? அதுவும் இலையுதிர் காலத்தில், குளிர்கால உறக்கத்துக்குமுன் ஒரு க்ரிஸ்லி நாளுக்கு 20,000 கலோரி வரை சாப்பிடும். நீங்களும் நானும் பத்து நாளில் சாப்பிடுவது. எவ்வளவு கெட்டிக்கார வேட்டைக்காரரோ, அவ்வளவு ஆபத்து.

மான் விழுந்த பிறகுதான் நிஜமான சோதனை. பெரிய எல்க்கை ஒரே நடையில் தூக்கி வர முடியாது. ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் காவல் நிற்க வேண்டும். இறைச்சியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து தள்ளி, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். திரும்பி வரும்போது சத்தம் போட்டுக்கொண்டே, பைனாகுலரில் பார்த்துவிட்டு வர வேண்டும். கரடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், மான் இப்போது அதனுடையது. மெதுவாகப் பின்வாங்க வேண்டியதுதான். நாள்கணக்கில் அலைந்து, செலவழித்து அடித்த மானை அப்படியே விட்டுவிட்டு வர எத்தனை பேருக்கு மனசு வரும்? என்னைக் கேட்டால், குறி பார்த்துச் சுடுவதைவிட இதற்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும்.

துப்பாக்கி இருக்கிறதே என்பீர்கள். பாய்ந்து வருகிற கரடியைப் பதற்றத்தில் குறி பார்ப்பது சுலபமில்லை. அதைவிட நம்பகமானது மிளகாய்க் காரம் அடைத்த கரடி ஸ்ப்ரே. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை அலசி 2008-ல் வெளியான ஆய்வு, பழுப்புக் கரடிகள் விஷயத்தில் நூற்றுக்கு 92 தடவை அது பலித்ததாகச் சொல்கிறது. க்ரிஸ்லியும் பழுப்புக் கரடி இனம்தான். ஆனால் டப்பா இடுப்பிலோ மார்பிலோ தொங்க வேண்டும். பைக்குள் இருந்தால், 'கொஞ்சம் இருப்பா' என்று கரடியிடம் டயம் கேட்க வேண்டிவரும்.

இன்னொன்று. கொசு மருந்து மாதிரி கூடாரத்தின் மேல் முன்கூட்டியே அடித்து வைக்காதீர்கள். காய்ந்துபோன மிளகாய் வாசனையைத் தேடி வந்து, அதில் கரடிகள் உருண்டு புரண்டதை அலாஸ்காவில் பார்த்து 1998-ல் எழுதியிருக்கிறார்கள். கண்ணில் பட்டால் ஆயுதம், காய்ந்துவிட்டால் ஊறுகாய்!